ஒஸ்வால்ட் மாமாவின் வலது கால்

ஒஸ்வால்ட் மாமாவை எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இறங்கும் அந்த ஒழுங்கையில் பதினேழு வீடுகள். பன்னிரண்டு வீட்டுக்காரரோடு அவர் கதைப்பதில்லை. மீதி ஐந்தில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. அவர் என் கணவர் கிளின்ரனின் அப்பா. கல்யாணம் முடித்து நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம் கறியில் உப்புக் கூடிவிட்டது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தன் சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு" என்றார்.

நான் சாப்பிட்டேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. அடுத்த வருடமே கிளின்ரன் வேலைக்குக் கட்டார் போய்விட்டார். வீட்டில் மாமாவும் நானும்தான்.

மாமா துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். கப்பலில் அடுக்கிய கொன்டெய்னர்கள் கடலில் ஆடாதபடி இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது அவர் வேலை. ஒருநாள் ஒரு கம்பி தெறித்து அடித்ததில் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டுப்போட்ட கையோடு பூசைக்குப் போனாராம். கோயில் வாசலில் ஒரு பெண் அவர் கையைப் பார்த்துக் கண்ணீர் விட, "ஆண்டவர் எனக்குத்தானே தந்தவர். உனக்கென்ன அழுகை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் முன்வாங்கில் இருந்தாராம்.

அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸ் மார்பில் புற்றுநோய் வந்து இறந்தவர். நான் அவரைக் கண்டதில்லை. பதினான்கு மாதம் மாமாதான் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, துணி மாற்றியிருக்கிறார். யாரையும் உள்ளே விடவில்லை. செபம் சொல்ல வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று அழுதபோது கதவைத் திறந்துவிட்டு, "அழுறதெண்டா உங்கட வீட்டில போய் அழுங்க. இவள் இன்னும் சாகேல்ல" என்றிருக்கிறார். அந்தப் பெண்களில் மூன்று பேர் இன்றும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்புவார்கள்.

இதையெல்லாம் கேட்டவர்கள், அவர் விசுவாசம் பெரிது என்பார்கள். அருகில் இருந்து பார்த்த எனக்கு அதில் வேறொன்றும் கலந்திருந்தது தெரியும். துன்பம் வந்தால் அவர் ஓடியதில்லை. உண்மைதான். ஆனால் அதை இரண்டு கையாலும் தூக்கி, மற்றவர்கள் பார்க்கும்படி பிடிப்பார். உங்களால் இது ஏலுமா என்று கேட்பது போல இருக்கும்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். அப்போஸ்தலர்களாகப் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் கதிரைகளில் இருத்தி, ஃபாதர் அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். எங்கள் கோயிலில் எல்லோரும் வலது காலைத்தான் நீட்டுவார்கள். எவர் தொடங்கிய வழக்கமோ தெரியாது. வலது சப்பாத்தை மட்டும் கழற்றி, வலது காற்சட்டையை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் வரிசையாக இருப்பார்கள். அதில் முதல் கதிரை பத்தொன்பது வருடமாக மாமாவுடையது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. எடுக்க யாருக்கும் துணிவில்லை. முதல்நாள் பின்னேரம் குழாயடியில் இருந்து, கல்லால் குதியைத் தேய்த்து, நகம் வெட்டி, எண்ணெய் பூசுவார். ஃபாதருக்குக் கழுவ ஒன்றும் மிச்சம் இருக்காது என்று ஒழுங்கை சிரிக்கும்.

இந்த வருடம் தை மாதம் வீட்டு நிலத்தில் சின்னச் சின்ன ஈர அடையாளங்களைக் கண்டேன். துடைத்த துணி சிவந்தது. மாமாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. புதுச் செருப்பு சின்ன விரலைக் கடித்திருக்கிறது. காலில் உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை.

"மாமா, வலது காலில காயம்."

"என்ட காலைப் பற்றி எனக்குத் தெரியும். நீ உன்ட அடுப்பைப் பார்."

மாசி முடியும்போது இரண்டு விரல் கறுத்துவிட்டன. ஒவ்வொரு நாளும் காலையில் நான்தான் கட்டை அவிழ்த்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். மணம் முதலில் அந்த அறையில் இருந்தது. பிறகு வீடு முழுக்க. நான் குனிந்திருக்கும்போது அவர் முகட்டைப் பார்த்தபடி செபமாலை சொல்லுவார். ஒருநாள்கூட நன்றி சொன்னதில்லை. கட்டு இறுகிவிட்டால் மட்டும் செபத்தை நிறுத்திவிட்டு, "கொன்டெய்னர் கட்டுறியோ?" என்பார்.

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்கு முழுவதும் விளங்கவில்லை. மூன்று தரம் கேட்டேன். அவர் பொறுமையாக ஒரு தாளில் பாதத்தைக் கீறி, நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இவ்வளவும்தான் போகும், குதி இருக்கும், சப்பாத்து போட்டு நடப்பார். பிந்தினால் விஷம் மேலே ஏறும், பிறகு எங்கே வெட்டுவது என்று சொல்ல முடியாது. அறுவைக்கு ஒரு நாள் குறித்துத் தந்தார். தாளில் திகதியைப் பார்த்தேன். பெரிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை.

அந்த ஞாயிறு மாமாவின் மகள் லவினா வெள்ளவத்தையிலிருந்து வந்தார். அவர் கோயிலை விட்டு, செபத்தால் சுகமாக்கும் ஒரு சபைக்குப் போகத் தொடங்கி நான்கு வருடம். நுகேகொடையில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். தன்னோடு பாஸ்டரையும் கூட்டி வந்திருந்தார். பாஸ்டர் மென்மையாகக் கதைக்கும் மனிதர். கண்ணாடி போட்டவர். அறைக்குள் வந்ததும் மூக்கைப் பொத்தாமல் இருக்க அவர் பட்ட பாட்டைக் கண்டேன்.

"அங்கிள், வருத்தம் ஆண்டவர் தாறதில்லை" என்றார். "அது பிசாசின்ட வேலை. விசுவாசத்தோட கேட்டா இண்டைக்கே இந்தக் கால் சுகமாகும்."

"அப்ப உங்கட கண்ணைப் பழுதாக்கினது ஆர்?" என்று மாமா கேட்டார்.

பாஸ்டர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்பா, அவர் உங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தவர்" என்றார் லவினா.

"நுகேகொடையில இருந்து நூற்றி எழுபத்தாறு பஸ் வருது. பெரிய தூரமில்லை."

"கத்தி வைக்க விடாதீங்க அப்பா. ஒரு கிழமை உபவாசம் இருந்து கேப்பம். சிலுவையில எல்லாத்தையும் அவர் சுமந்து முடிச்சிட்டார். நீங்க ஏன் சுமக்கிறீங்க?"

மாமா நிமிர்ந்து இருந்தார். "சிலுவையில தொங்கேக்க, இறங்கி வா, வந்தா நம்புறம் எண்டு கீழ நிண்டு சொன்னவங்க இருந்தவங்கள். அவங்கட ஆக்கள்தான் நீங்க. அவர் இறங்கேல்ல. நானும் இறங்கேல்ல. போயிட்டு வாங்க."

பாஸ்டர் வாசலில் நின்று கண்ணை மூடிச் செபித்துவிட்டுப் போனார். லவினா போகவில்லை. குசினிக்குள் வந்தார்.

"காலை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நீதான் சுபா. நாள் முழுக்க வீட்டில இருக்கிற. ஒரு காயத்தைக் காண ரெண்டு மாதம் எடுத்திருக்கு. எட்டாம் வகுப்போட நிண்டவளிட்ட அப்பாவை விட்டது எங்கட பிழை."

நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து திருவினேன். என்னிடம் பதில் இருந்தது. அவர் போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அது ஒழுங்காக வாயில் வந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த நாள், பங்குச் சபைத் தலைவர் நிரோஷன் வந்தார். காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்பவர். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

"ஒஸ்வால்ட் அங்கிள், இந்த வருசம் நீங்க ரெஸ்ட் எடுங்க. சடங்கு முடிய உங்களுக்குப் பொன்னாடை போடுறம். பத்தொன்பது வருச சேவைக்கு."

"சேவையோ? கால் நீட்டிக்கொண்டு இருக்கிறது சேவையோ?"

"இல்லை அங்கிள், சின்னப் பிள்ளைகள் முன்னுக்கு இருக்கிறவங்க. காயம், மணம்... ஆக்கள் கதைக்கிறாங்க."

"ஆர் கதைக்கிறது? பேரைச் சொல்லு."

நிரோஷன் சிரிப்பை விடவில்லை. "முதல் கதிரைக்கு வேற ஆள் சொல்லியாச்சு அங்கிள்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகேல்ல" என்றார். "வியாழன் முடியட்டும்."

டொக்டர் கீறித் தந்த தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "மாமா, பிந்தினா மேல ஏறும் எண்டு சொன்னவர்."

"ரெண்டு நாளில என்ன ஏறும்?"

"அறுவை முடிஞ்சு, அடுத்த வருசம் இடது காலை நீட்டலாம்தானே."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு யோசனை சொன்னது அதுதான் முதல் தரம்.

"பதினொரு பேர் வலது காலை நீட்ட நான் மட்டும் இடது காலை நீட்டவோ? நல்ல காலைக் கழுவக் குடுத்து என்ன பிரயோசனம், பிள்ளை? அழுகினதைத்தான் ஆண்டவரிட்ட நீட்ட வேணும். அதைக் காணப் பயப்படுறவங்கள் கோயிலுக்கு வராம இருக்கட்டும்."

சொன்ன சொல்லில் பிழை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடைசி வசனத்தில் அவர் குரல் சண்டைக்கு மாறியதைக் கேட்டேன். கிளின்ரனுக்குப் போன் எடுத்தேன். "அப்பா சொன்னா சொன்னதுதான், நான் இங்க இருந்து என்ன செய்ய?" என்றார். லவினாவுக்கு எடுக்க எண்ணைப் போட்டேன். மணி அடிக்க முன்பே நிறுத்தினேன். அவர் கத்தியே வேண்டாம் என்பார். அப்பா பிந்திப் போகிறார் என்று அவரிடம் சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன். லவினாவைக் கண்டு பயந்தேன் என்பதும் உண்மை. செவ்வாய்க்கிழமை காலை கட்டிலில் அவர் காலுக்குக் கட்டுப் போட்டேன். கறுப்பு, டொக்டர் தாளில் போட்ட கோட்டை நெருங்கியிருந்தது.

வியாழன் பூசை ஆறு மணிக்கு. நாலு மணிக்கே மாமா என்னை வெளிக்கிடச் சொன்னார். திறீவீலில் போனோம். குண்டுவெடிப்புக்குப் பிறகு கோயில் கேட்டில் நின்று பைகளைப் பார்க்கும் நேவிக்காரர், பொலித்தீன் சுற்றிய காலைப் பார்த்து, அதற்குள் என்ன என்று கேட்டார். "அவிழ்க்கட்டோ?" என்று மாமா சிங்களத்தில் கேட்டார். நேவிக்காரர் பின்னால் நகர்ந்து வழிவிட்டார்.

நிரோஷனும் மற்றவர்களும் வரும்போது மாமா முதல் கதிரையில் இருந்தார். என்ன சொன்னாலும் எழும்பவில்லை. ஒருவர் தோளைத் தொட்டார். "தொடு பார்ப்பம்" என்றார் மாமா. பீடத்துக்கு முன் சண்டை பிடிக்க யாருக்கும் விருப்பமில்லை. அந்தக் கதிரைக்கென்று சொல்லி வைத்திருந்தவரைக் கடைசிக் கதிரைக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்க வேண்டியவர் முணுமுணுத்துக்கொண்டு மனைவியிடம் போய் இருந்தார். இரண்டாம் கதிரைக்காரர் தன் கதிரையைக் காலால் மெல்ல மெல்லத் தள்ளி மூன்றாமவரின் மடியில் இருப்பது போல ஆகிவிட்டார்.

நான் கோயிலில் எப்போதும் பின் தூணுக்குப் பக்கத்தில் நிற்பவள். மாமாவுக்குக் குனிய முடியாது என்பது அந்த நேரம்தான் எனக்கு நினைவு வந்தது. பிரசங்கம் முடிந்து ஃபாதர் மேலங்கியைக் கழற்றி இடுப்பில் துவாயைக் கட்டும்போது, மாமா திரும்பிச் சனத்துக்குள் என்னைத் தேடினார். கையால் கூப்பிட்டார். நடு வழியால் நடந்து போனேன். ஐந்நூறு பேர் என் முதுகைப் பார்த்தார்கள். முழந்தாளிட்டுக் கட்டை அவிழ்த்தேன். மணம் எழும்பியது. முன்வாங்கில் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பின்னால் யாரோ, "கோயிலா, ஆஸ்பத்திரியா?" என்றார்கள். சொன்னது யார் என்று குரலில் தெரியும். பெயர் எழுதமாட்டேன்.

ஃபாதர் இளம் ஆள். இந்த வருடம்தான் வந்தவர். தண்ணீர்ச் செம்போடு குனிந்தவர், காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அங்கிள், மற்றக் காலைத் தாறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இதுதான் ஃபாதர் அழுக்கு" என்றார் மாமா.

ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். துவாயால் ஒற்றினார். துவாயில் பட்டது. அவர் முத்தமிட்டாரா இல்லையா என்று ஒழுங்கையில் இன்றும் தர்க்கம் நடக்கிறது. நான் ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். முத்தமிட்டார். கணுக்காலில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. பிறகு வேறு துவாய் எடுத்துக்கொண்டு இரண்டாம் கதிரைக்குப் போனார்.

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். செபிக்கும் முகம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் பார்த்தது. அது இதுவல்ல. வழக்கு வென்றவனின் முகம் அது. சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஃபாதரை அல்ல.

வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதைக்குப் போகவேண்டும் என்று நின்றவர் மத்தியானம் படுத்துவிட்டார். சனிக்கிழமை காலை உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என்னைக் கொன்ஸ்ரன்ஸ் என்று கூப்பிட்டார். அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வராது. அவர் கதைக்காத வீடுகளில் இருந்து நான்கு ஆண்கள் வந்து, கதிரையோடு தூக்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நினைவு இருந்தா எங்களைத் தொட விடமாட்டான்" என்றார்.

உயிர்த்த ஞாயிறு காலையில் வெட்டினார்கள். முழங்காலுக்கு மேலே.

பழைய டொக்டர்தான். என்னைக் கண்டதும் ஏசவில்லை. செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் அரைப் பாதம் என்று மட்டும் சொன்னார். லவினா வாட்டு வாசலில் நின்றார். அவருக்கு அப்போதுதான் செவ்வாய் பற்றித் தெரிந்தது.

"உனக்குத் தெரியும். திகதி தெரிஞ்சும் வீட்டில வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிற. எனக்கு ஒரு கோல் எடுக்கக் கை இல்லையோ?"

தாதி வெளியே வந்து சத்தம் போடவேண்டாம் என்றார். லவினா சத்தத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. "அவர் செத்தா நீதான் பொறுப்பு" என்றார். இந்த முறை நான் அது பொய் என்று நினைக்கவில்லை.

நான்காம் நாள் மாமாவுக்கு முழு நினைவு வந்தது. வலது பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார். நானும் லவினாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். ஆண்டவர் தந்தார் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அதைக் கேட்டால் நான் வெளியே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேணும்" என்றார்.

லவினா என் பக்கம் திரும்பினார். மாமா இரண்டு விரல் இல்லாத கையைத் தூக்கினார்.

"அவளைப் பார்க்காத. டொக்டர் கீறின படத்தைக் கொண்டுவந்து முன்னுக்கு வைச்சு அவள் சொன்னவள். எனக்குத்தான் காது கேக்கேல்ல."

அடுத்த நாள் ஃபாதர் நற்கருணை கொண்டுவந்தார். நான் நடைபாதையில் நின்றேன். பாவசங்கீர்த்தனம் நெடுநேரம் எடுத்தது. ஃபாதர் வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. நான் உள்ளே போய் ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினேன்.

"ஃபாதரிட்ட சொன்னனான்" என்றார் மாமா. நான் கேட்கவில்லை. "பாதம் ஆண்டவர் கேட்டது. அதைக் குடுத்திருக்கலாம். முழங்கால் அவர் கேக்கேல்ல. அது அந்த நிரோஷனுக்குக் காட்ட நான் கொண்டுபோய்க் குடுத்தது."

"இனி என்ன மாமா செய்யிறது?"

"என்ன செய்யிறது. அவர் தந்ததைத் தூக்கிறது லேசு, பிள்ளை. தந்தவரைப் பார்த்துக்கொண்டு தூக்கலாம். இந்தச் சிலுவை நானே சீவிச் செய்தது. இதையும் தூக்கத்தான் வேணும்." தேநீரைக் குடித்துவிட்டு, "சீனி போட்டிட்டியோ?" என்று கேட்டார். போடவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம். அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. கதிரையோடு தூக்கிய நான்கு பேருக்கும் நன்றி சொல்லக் கூப்பிட்டு, தூக்கிய விதம் பிழை என்று ஒருவரிடம் சொன்னார். லவினா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, என்னோடு கதைக்காமல் பழங்களை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.

ஆனால் ஒன்று. கழிப்பறைக்குப் போக முதலில் அவர் என்னைக் கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்து, ஊன்றுகோலைக் குத்தி, தானே போவார். இரண்டு தரம் விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிப் போனால், "போ" என்று கத்துவார். நிலத்தில் கிடந்தபடியே, நான் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். கால் போனதைக் கண்டபோது முகம் சுளிக்காத மனிதருக்கு, நான் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் தரம் அவர் விழவில்லை. ஒரு சனிக்கிழமை காலை. நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அறை வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. சாரத்தில் ஈரம் பட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவளைக் கண்டார். கண்டும் பார்வையைத் திருப்பவில்லை.

"பிள்ளை" என்றார். "வந்து பிடி."

நான் துணியைப் போட்டுவிட்டுப் போனேன். அவர் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இடுப்பைப் பிடித்தேன். மூன்று அடி நடந்ததும் நின்றார்.

"இப்படி இழுக்காத. நான் என்ன மூட்டையோ?"

"மூட்டை எண்டா வாய் திறக்காது மாமா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பாரத்தை முழுவதுமாக என் மேல் விட்டார். நாங்கள் கழிப்பறைப் பக்கம் நடந்தோம்.